ஊதுகிற குடும்பம்

பிரார்த்தனைக் கூடத்தின் மாடியில் ஒரு மன்றம் இருந்தது. குடும்ப நெறி இளையோர் காப்பு மன்றம் என்று பெயர். பெயர் நீளம், சுவர் குட்டை. அதனால் 'காப்பு மன்றம்' என்ற பகுதி மட்டும் மூலை திரும்பிச் சந்துப் பக்கம் போய்விட்டது. தெருவில் நின்று பார்த்தால் 'குடும்ப நெறி இளையோர்' வரைதான் தெரியும், காப்பு வேண்டுமென்றால் சந்துக்குள் போகவேண்டும். பிரார்த்தனை முடிந்து இறங்குகிற ஆண்கள் நின்று புகைபிடிப்பதும் அந்தச் சந்தில்தான். கீழே கிடக்கும் துண்டுகளை வெளியாட்கள் போட்டுவிட்டுப் போனதாக மன்றம் ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்ததால், அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

பிள்ளைகள் புகை, போதை என்று போவதற்கு இரண்டே காரணம்தான் என்பது மன்றத்தின் கண்டுபிடிப்பு. வீட்டில் சேர்ந்து சாப்பிடுவதில்லை, சேர்ந்து கும்பிடுவதில்லை. இந்த இரண்டும் ஒழுங்காக நடக்கிற வீட்டுக்கு நெறியுள்ள குடும்பம் என்று பெயர். நெறியுள்ள குடும்பத்தில் புகைக்கிற பிள்ளை ஒன்றுகூட இல்லை என்று ஆராய்ந்து நிரூபித்துமிருந்தார்கள். ஒரு கூட்டத்தில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் எழுந்து, அப்படி ஒரு பிள்ளை இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். செயலாளர் கோபப்படவில்லை. "அப்படி ஒரு பிள்ளை இருந்தா அது எப்படிங்க நெறியுள்ள குடும்பம் ஆகும்?" என்று பொறுமையாகக் கேட்டார். வாத்தியார் யோசித்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

மன்றத்துக்கு இன்னொரு விதியும் உண்டு, இந்தக் கதை முழுக்க அந்த விதியால் வந்த வினைதான். கீழே கடவுள் பெயர் சொல்லுகிற கட்டடத்தில், மேலே கெட்ட பொருள்களின் பெயரைச் சொல்லக்கூடாது என்று தலைவர் உத்தரவு போட்டிருந்தார். பெயர் காதில் விழுந்தாலே ஆசை வந்துவிடும் என்பது அவருடைய அனுபவம். ஆகவே மன்றத்தில் சிகரெட்டுக்கு 'ஊதுறது' என்று பெயர். சாராய வகைகள் எல்லாம் 'தண்ணி'. கஞ்சாவுக்கு 'பொட்டலம்'. புதிதாக என்னென்ன வந்திருக்கிறது என்று மன்றத்துக்குத் தெரியாததால், மிச்சம் எல்லாமே 'பவுடர்'. இந்த வார்த்தைகளைச் சொல்லும்போது குரலை இறக்கி, கண்ணைப் பாதி மூடிக்கொள்ளவேண்டும்.

பிரார்த்தனைக் கூடத்துக்கு எதிரில் ஒரு இஸ்திரிக் கடை. அதை நடத்துகிற அம்மாவைத் தெருவில் எல்லோரும் இஸ்திரிக்காரம்மா என்பார்கள். அவள் கணவர் ஒரு பேண்டு செட்டில் ட்ரம்பெட் வாசிக்கிறவர், பேண்டுக்காரர். கல்யாணமோ சாவோ, எந்த மதத்துக்காரர் வீடானாலும் முன்னால் நடந்து போவார். ஒரே மகள். நெடுநெடுவென்று வளர்ந்து பள்ளிக்கூடமே முடித்த பிறகும் அவளுக்கு வாண்டு என்றுதான் பெயர். அப்பனிடம் ட்ரம்பெட் கற்றுக்கொண்டு அப்பனைத் தாண்டிப் போய்விட்டவள். இசைக் கல்லூரிக்கு எழுதிப்போட்டிருந்தாள். வாசித்துக்காட்ட வா, வரும்போது நன்னடத்தைச் சான்றிதழ் கொண்டு வா என்று பதில் வந்திருந்தது. சான்றிதழ் இல்லாவிட்டால் இடமில்லை, அடுத்த வருஷம் வயதும் தாண்டிவிடும். பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் தன் தலைவலி குறையட்டும் என்று சான்றிதழ் கொடுக்கிற வேலையை மன்றத்திடம் தள்ளிவிட்டிருந்தார்.

பேண்டுக்காரர் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்ததால் இஸ்திரிக்காரம்மாதான் மாடி ஏறினாள். செயலாளர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சட்டை மடிப்பு கத்தி மாதிரி நின்றது, அவள் தேய்த்ததுதான். முதலில் கண்ணை மூடி ஒரு பிரார்த்தனை. பிறகு குரலை இறக்கினார்.

"வீட்டுல யாராவது ஊதுறது உண்டா?"

இஸ்திரிக்காரம்மாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்தத் தெருவில் சத்தத்தைக் குறைக்கச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்களே தவிர, இப்படி மெதுவாக, மரியாதையாக ஒருவரும் விசாரித்ததில்லை.

"உண்டுங்க. அவங்க அப்பா ஊதுவார். பொண்ணு அவரைவிட நல்லா ஊதுவா."

செயலாளரின் பேனா நின்றது. "பொண்ணா?"

"சின்னதுலயே பக்கத்துல உக்கார வச்சுப் பழக்கிட்டார். முதல்ல இருமுவா, கண்ணுல தண்ணி வரும். இப்ப காலையில எழுந்ததும் ஊதலைன்னா அவளுக்குப் பொழுதே விடியாது."

"பெரியவங்க யாரும் தடுக்கலையா?"

"யாரு, எங்க மாமனாரா? அவர் ஊதிக்கிட்டேதாங்க போய்ச் சேர்ந்தார். ஒரு கல்யாணத்துல."

"நீங்க?"

அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள். கரி இஸ்திரிப் பெட்டியைத்தான் நினைத்துக்கொண்டாள். "நான் என்னங்க, கடை திறக்கும்போது கொஞ்சம் ஊதுவேன். ஊதினாத்தான் எனக்கு வேலை ஓடும்."

செயலாளர் எழுதினார். அடுத்து, தண்ணி புழக்கம் எப்படி என்று கேட்டார். அதை ஏன் கேட்கிறீர்கள், காலையில் கொஞ்ச நேரம்தான் வருகிறது, வருகிறபோது பெரிய அண்டாவிலேயே பிடித்துவைத்துக்கொள்வோம் என்றாள். பொண்ணும் குடிப்பாளா என்றார். குடிக்காமல் எப்படி, ஊதி முடித்ததும் அவளுக்கு ஒரு முழுச் சொம்பு வேண்டும் என்றாள். பவுடர் என்றார், கண் முக்காலும் மூடிவிட்டது. வெளியே கிளம்பும்போது கொஞ்சம் போட்டுக்கொள்வாள், வயசுப் பொண்ணு இல்லையா என்றாள்.

கடைசியாகப் பொட்டலம்.

"பொட்டலமாத்தாங்க கொடுப்போம். மூட்டையா கொடுத்தா கசங்கிடும். வாண்டுதான் வீடு வீடா கொண்டுபோய்க் கொடுக்கிறா. உங்க வீட்டுக்கும் வாரா வாரம் வருதே, தம்பிதான் வாங்கிக்குவார்."

தம்பி என்றது செயலாளரின் ஒரே மகனை. தங்கக்கம்பி என்று தலைவரே பட்டம் கொடுத்த பிள்ளை, பிரார்த்தனையில் முன் வரிசை. செயலாளர் 'நெறியுள்ள குடும்பத்தின் மீது அவதூறு' என்று கூடுதலாக ஒரு வரி எழுதிக்கொண்டார்.

இஸ்திரிக்காரம்மா சந்தோஷமாக வீட்டுக்கு வந்தாள். அந்த ஆள் எவ்வளவு அக்கறையாகக் கேட்டார், நம் வீட்டுத் தண்ணிக் கஷ்டத்தைக்கூட எழுதிக்கொண்டார் என்று மகளிடம் சொல்லிச் சொல்லி மாளவில்லை.

மறுநாள் மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் அந்த வீடு 'முற்றிய நிலை' என்று ஒட்டியிருந்தது. வாண்டு போய்ப் படித்துவிட்டு வந்து, இஸ்திரி மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், பாதியில் நிறுத்தி, அப்படியானால் சான்றிதழ் என்றாள். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

"அப்ப தண்ணின்னு அவர் கேட்டது?" என்றாள் அம்மா.

"அதேதாம்மா."

"பொட்டலம்?"

"அம்மா, போதும்."

பேண்டுக்காரர் ஊர் திரும்பியதும் விஷயத்தைக் கேட்டுவிட்டு, இதிலென்ன இருக்கிறது, ஒரு நிமிஷ வேலை என்று ட்ரம்பெட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு மகளோடு மாடி ஏறினார். அன்று தலைவரும் இருந்தார். பெரிய உடம்பு, வெள்ளைத் தாடி, மடியில் ஒரு சின்ன வெள்ளி டப்பா. டப்பாவில் மூக்குப்பொடி. எந்தச் சொற்பொழிவுக்கும் முன்னால் ஒரு சிட்டிகை இழுத்துக்கொள்வார். பார்த்துக்கொண்டே இருந்த வாண்டு, இதற்கு மன்றத்தில் என்ன பெயர் என்று கேட்டுவிட்டாள்.

"நான் ஊதுறதில்லம்மா," என்றார் தலைவர் சாந்தமாக. "உறிஞ்சுறேன்."

பேண்டுக்காரர் ட்ரம்பெட்டை மேசைமேல் வைத்து, நாங்கள் ஊதுவது இதைத்தான் என்றார். தலைவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வளைந்து வளைந்து போகிற குழாய், ஒரு முனையில் அகன்ற வாய்.

"இவ்வளவு பெரிசுலயா ஊதுறீங்க?"

வாசித்துக் காட்டினால் தெரிந்துவிடப்போகிறது என்று பேண்டுக்காரர் அதை வாய்க்குக் கொண்டுபோனார். செயலாளர் பதறிப்போய்ச் சுவரைக் காட்டினார். அங்கே 'இங்கே ஊதக்கூடாது' என்று பலகை இருந்தது. விதி விதிதான். நிரூபிக்கவேண்டுமானால் வாசிக்கவேண்டும், வாசித்தால் விதிமீறல். வாத்தியக் கடைக்காரரைக் கேட்டுப்பாருங்கள் என்றார் பேண்டுக்காரர். ஊதுகிற பொருளை விற்கிறவன் சாட்சி செல்லாது என்றார் செயலாளர்.

"ஊதுறவன் எவனும் தான் ஊதுறதை ஒத்துக்கிறதில்ல," என்று தலைவர் ஆரம்பித்தார்.

"நான் ஒத்துக்கறேனே ஐயா. பரம்பரையா ஊதுறோம்."

"பாத்தீங்களா," என்றார் தலைவர் செயலாளரைப் பார்த்து. "கொஞ்சம்கூடக் கூச்சமில்ல. இதுதான் முற்றிய நிலை."

ட்ரம்பெட்டைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். 'பறிமுதல் செய்யப்பட்ட கருவி' என்று ஒரு சீட்டும் ஒட்டினார்கள். ஒன்றே ஒன்று மட்டும் தப்பியது. உதட்டில் பொருந்துகிற அந்தச் சின்னக் கிண்ணத்தை, வாசிக்காதபோது கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது பேண்டுக்காரரின் வழக்கம். பதற்றத்திலும் கை அதைச் செய்திருந்தது. உதட்டுப் பழக்கம் விட்டால் போச்சு என்று வாண்டு தினமும் போர்வைக்குள் தலையைவிட்டு அந்தக் கிண்ணத்தில் மட்டும் ஊதிப் பழகினாள். ட்ரம்பெட் இல்லாத ட்ரம்பெட் சத்தம் பெரிய கொசு மாதிரி இருக்கும்.

முற்றிய நிலைக் குடும்பத்துக்குச் சான்றிதழ் வேண்டுமானால் மீட்புப் படிகளை ஏறவேண்டும். முதல் படி, தினமும் மாலை மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடவேண்டும், அதற்கு முன்னும் பின்னும் சேர்ந்து கும்பிடவேண்டும், மன்றத்தின் பார்வையாளர் கூட இருந்து பார்ப்பார். யாரைக் கும்பிடுவது என்று பேண்டுக்காரர் கேட்டார். எல்லாச் சாமி வாசலிலும் ஊதியவர் ஆயிற்றே, ஒருவரைச் சொன்னால் மற்றவர் கோபித்துக்கொள்வாரோ என்று அவருக்குப் பயம். மன்றம் அதில் தலையிடாது, கண் மூடியிருந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

பார்வையாளராகச் செயலாளரே வந்தார். சாப்பாட்டு நேரத்தில் வந்து, சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர்கள் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவர் மற்றவருக்குப் பரிமாறினால் குறித்துக்கொள்வார். ஒருவர் மற்றவரைத் திட்டினாலும் குறித்துக்கொள்வார், அது உரையாடல் என்ற தலைப்பில் வரும். மாலை நேரம் முழுக்க வீட்டில் இருக்கவேண்டியிருந்ததால் பேண்டுக்காரரால் ஊர்வலங்களுக்குப் போக முடியவில்லை. இரவல் ட்ரம்பெட் வாங்கிப் பகலிலாவது வாசிக்கலாமென்றால், மன்றத்துக்குப் பயந்து யாரும் கொடுக்கவில்லை. வருமானம் நின்றது, குழம்பில் காய் குறைந்தது, அப்புறம் குழம்பே குறைந்தது. 'உணவில் எளிமை, நல்ல முன்னேற்றம்' என்று செயலாளர் எழுதினார்.

நடுநடுவே அவருடைய கைபேசி அடிக்கும். வீட்டம்மாதான். நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள், இங்கே ஒரு குடும்பம் சேர்ந்து சாப்பிடுகிறது, அதைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்பார். இந்த வீடு முடிந்தால் இன்னொரு வீடு, அது முடிந்தால் கூட்டம். ஒருநாள் இஸ்திரிக்காரம்மா மனசு கேட்காமல், நீங்கள் எப்போதுங்க உங்கள் வீட்டில் சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். செயலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என் பையனோட நான் கடைசியா ஒண்ணா உக்காந்து சாப்பிட்டப்ப அவன் ஒன்பதாவது படிச்சிட்டிருந்தான். அந்த ஒரு சாப்பாடும்மா. அதோட பலம் இன்னிக்கு வரைக்கும் நிக்குது. அதுதான் குடும்ப நெறி."

சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் தங்கக்கம்பி வந்து நின்றான். வீட்டுச் சாவி அப்பாவிடம் இருந்தது, அம்மா வெளியே போயிருந்தாள். அவனோடு கூடவே ஒரு புகை வாடையும் உள்ளே வந்தது. மூன்று பேர் மூக்கிலும் ஏறியது. செயலாளர் மூக்கிலும் ஏறத்தான் செய்தது.

"உள்ள வராதே," என்றார் மகனிடம். "இந்த வீட்டு நாத்தம் உன் சட்டையில ஒட்டிக்கும்."

பையன் நகரவில்லை. மூன்று தட்டுகளையும், சுற்றி உட்கார்ந்திருந்த மூன்று பேரையும் பார்த்துக்கொண்டு நின்றான். வா தம்பி, ஒரு வாய் சாப்பிட்டுப் போ என்று இஸ்திரிக்காரம்மா நகர்ந்து இடம் விட்டாள். கூடாது என்று செயலாளர் எழுந்துவிட்டார். நெறியுள்ள குடும்பத்துப் பிள்ளை முற்றிய நிலைக் குடும்பத்தோடு சாப்பிட்டால் இரண்டு ஆராய்ச்சியும் கெட்டுப்போகும். சாவியைக் கொடுத்து அனுப்பினார்.

அவன் போனபிறகு இஸ்திரிக்காரம்மா தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னாள். தம்பி சட்டைப் பையெல்லாம் ஓட்டை ஓட்டையாகப் பொசுங்கியிருக்கிறது, தேய்க்கும்போது பார்த்தேன், நீங்கள் கொஞ்சம் கேட்டுப்பாருங்கள் என்றாள்.

"ஊதுபத்தி," என்றார் செயலாளர். "முன் வரிசையில நிக்கிறவன்."

படிகள் எல்லாம் ஏறி முடித்ததும் உறுதிமொழி விழா வைத்தார்கள். கூடம் நிறைந்திருந்தது. மேடையில் தலைவர், செயலாளர், நடுவில் வாண்டு. தலைவர் ஒரு சிட்டிகை இழுத்துவிட்டு, அவள் முகத்தைச் சபைக்குத் திருப்பிக் காட்டினார். ட்ரம்பெட் கிண்ணம் வருஷக்கணக்காக அழுத்தி உதட்டில் வட்டமாக ஒரு தழும்பு பதிந்திருந்தது.

"இந்த வட்டத்தைப் பாருங்க. இவ்வளவு பெரிய வட்டம்னா எவ்வளவு தடிமன்ல ஊதியிருக்கணும், யோசிங்க."

சபை யோசித்தது. சில தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளின் உதட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

எதை வேண்டுமானாலும் சொல்லு, சான்றிதழை வாங்கிக்கொண்டு இறங்கு என்று பேண்டுக்காரர் மகளிடம் சொல்லியிருந்தார். அவள் வலதுகையை நீட்டி, இனி உயிருள்ளவரை ஊதமாட்டேன் என்று சொன்னாள். சொல்லும்போது அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு ஒரு மருத்துவ இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். அதில் மூச்சுவிட்டால் நுரையீரலில் எவ்வளவு புகை மிச்சமிருக்கிறது என்று காட்டுமாம். செயலாளர் அதன் குழாயை அவள் வாயருகே நீட்டினார்.

"ஊதும்மா."

"ஊதமாட்டேன்னு இப்பத்தானே ஐயா சத்தியம் பண்ணேன்."

செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவருடைய கண் கலங்கிவிட்டது. இயந்திரத்துக்குக்கூட ஊதமாட்டேன் என்கிறாள், இதைவிடச் சோதனை என்ன வேண்டும் என்று ஒலிபெருக்கியில் தழுதழுத்தார். சபை எழுந்து நின்று கைதட்டியது. முன் வரிசையில் தங்கக்கம்பியும் தட்டினான். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருத்தி எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்கிறாள், யாரும் அடிக்கவில்லை, கைதட்டுகிறார்கள். அவனுக்கு அது புதிதாக இருந்திருக்கவேண்டும்.

சான்றிதழ் கெட்டி அட்டையில், பொன் எழுத்தில் இருந்தது. 'இவர் ஊதுவதை முற்றிலும் கைவிட்டவர். மீண்டும் ஊதுவதைக் காண்போர் மன்றத்துக்குத் தெரிவிக்கவும்.'

அதை எடுத்துக்கொண்டு வாண்டு அம்மாவோடு இசைக் கல்லூரிக்குப் போனாள், ஊதுவதற்கு.

ட்ரம்பெட் இன்னும் அலமாரியில் எச்சரிக்கைப் பொருளாக இருந்ததால், கல்லூரி ட்ரம்பெட் ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். தன் கிண்ணத்தைப் பொருத்தி வாசித்தாள். அத்தனை நாள் போர்வைக்குள் அடைத்துவைத்த மூச்சு முழுவதும் வெளியே வந்தது. ஆசிரியர் ஒருவர் பாதியில் நாற்காலியைவிட்டு எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனவர், சாத்தாமல் அங்கேயே நின்று கேட்டார். இடம் கொடுத்தாயிற்று என்றார். அலுவலகத்தில் இருந்தவர் சான்றிதழை வாங்கிப் படித்தார். திருப்பிப் படித்தார்.

"ஊதுறதை விட்டவங்கன்னு போட்டிருக்கே. விட்டவங்களை ஊதுற பிரிவுல எப்படிம்மா சேர்க்கிறது? நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

வாண்டு விளக்கினாள், இஸ்திரிக்காரம்மா விளக்கினாள், ஆசிரியரும் வந்து விளக்கினார். விளக்கம் எல்லாம் வாய்வார்த்தை, இது அட்டை என்றார் அவர். சேர்க்கை முடிவதற்குள் மாற்றி வாங்கி வரச் சொல்லிவிட்டார். வரும் வழியெல்லாம் வாண்டு கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டே வந்தாள்.

மன்றத்தில் அவசரக் கூட்டம் போட்டார்கள். இஸ்திரிக்காரம்மா வாசலோரம் நின்றிருந்தாள். மன்றத்தின் சங்கடமும் சாதாரணமானதல்ல. வாண்டுதான் அவர்கள் மீட்டெடுத்த முதல் பிள்ளை. மற்ற பிள்ளைகள் எல்லாம் நெறியுள்ள குடும்பம் என்பதால் மீட்க யாரும் இல்லை. அவளுடைய படத்தோடு மேலிடத்துக்கு அறிக்கை போய்விட்டது, பாராட்டும் வந்துவிட்டது. அவள் ஊதியது வாத்தியம்தான் என்று ஒத்துக்கொண்டால் மீட்பு போச்சு. அவள் இன்னும் ஊதுகிறாள் என்று எழுதினால் அதற்கும் மீட்பு போச்சு. தலைவர் டப்பாவைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

வழி கண்டுபிடித்தது செயலாளர்தான். சான்றிதழில் ஒரே ஒரு சொல்லை மாற்றலாம். 'கைவிட்டவர்' என்பதைக் 'கைக்கொண்டவர்' ஆக்கலாம். ஊதுவதை முற்றிலும் கைக்கொண்டவர். ஆனால் ஊதுவதைக் கைக்கொண்டவர் என்று மன்றம் எழுதினால் அர்த்தம் விபரீதமாகிவிடுமே. ஆகவே அர்த்தத்தையும் மாற்றிவிடுவது. தீர்மானம் அப்போதே எழுதப்பட்டது: 'மன்றத்தின் எல்லா ஆவணங்களிலும், எல்லாப் பேச்சிலும், கடந்த காலத்துக்கும் வருங்காலத்துக்கும், ஊதுதல் என்பது காற்று வாத்தியம் வாசித்தலை மட்டுமே குறிக்கும்.'

எல்லோரும் கைதூக்கினார்கள். அந்தப் பழைய வாத்தியார் மட்டும் எழுந்தார். அப்படியென்றால் அந்த மற்ற ஊதுவதை இனிமேல் எப்படிச் சொல்வது என்று கேட்டார். உண்மைப் பெயரைச் சொல்லக்கூடாது என்று பழைய விதி. இருந்த ஒரு மாற்றுப் பெயரையும் இப்போது வாத்தியத்துக்குக் கொடுத்தாயிற்று. தலைவர் ஒரு சிட்டிகை ஆழமாக இழுத்தார்.

"சொல்றதுக்கு வார்த்தையே இல்லைன்னா," என்றார், "அது நம்ம பகுதியில இல்லைன்னுதானே அர்த்தம்?"

வாத்தியார் யோசித்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

புதிய சான்றிதழ் கைக்கு வந்தது. அலமாரியைத் திறந்து ட்ரம்பெட்டையும் கொடுத்தார்கள். இஸ்திரிக்காரம்மா இரண்டையும் முந்தானையில் பொத்திக்கொண்டு தெருவைக் கடந்தாள். வாண்டுவுக்குக் கல்லூரியில் இடம் உறுதியானது. அலுவலகத்தில் இருந்தவர் கைக்கொண்டவர் என்ற சொல்லை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இதுதான் சரி என்றாராம்.

பகுதி முழுவதும் தூய்மையாகிவிட்டதைக் கொண்டாட மன்றம் ஒரு விழா எடுத்தது. மேடையில் பெரிய துணியில் 'வெற்றி' என்று எழுதியிருந்தது. வாண்டு கல்லூரிக்குக் கிளம்புமுன் மேடையேறி வாசித்தாள். இப்போது அது அதிகாரபூர்வமான ஊதுதல், பலகையைக் கழற்றிவிட்டிருந்தார்கள். பேண்டுக்காரர் கீழே நின்று காலால் தாளம் தட்டினார். கைதட்டல் ஓயவில்லை, அதற்குள் முன் வரிசையிலிருந்து தங்கக்கம்பி எழுந்து மேடைக்குப் போனான். தீர்மானம் போட்ட கூட்டத்துக்கு அவன் வந்திருக்கவில்லை. அவனுக்குத் தெரிந்தது பழைய மொழி மட்டும்தான். ஒலிவாங்கியைத் தன் வாய்க்கு நேராக இழுத்தான்.

"அப்பா, நானும் ஊதுறேன்."

செயலாளர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"ரொம்ப நாளா. யாருக்கும் தெரியாம. மொட்டை மாடியில போய்."

செயலாளரின் முகம் ஒரு மாதிரி கோணியது. அழப்போகிறாரா, அடிக்கப்போகிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு இரண்டு கையாலும் மகனின் தோளைப் பிடித்தார்.

"எங்கிட்ட சொல்லவே இல்லையேடா. எந்த வாத்தியம்?"

பையன் அவரைப் பார்த்தான்.

"விடணும்னு பாக்கிறேன்பா. விட முடியல."

"எதுக்குடா விடணும்?" செயலாளர் ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு தகப்பன் கூட இருந்து சாப்பிட்ட ஒரே ஒரு சாப்பாடு ஒரு பிள்ளையை எப்படிக் கலைஞனாக்கியிருக்கிறது பாருங்கள் என்று சபைக்குச் சொன்னார். மொட்டை மாடியைத் தேர்ந்தெடுத்திருக்கிறான், அங்கேதான் காற்று நன்றாக இருக்கும் என்றார். தலைவர் கண்ணைத் துடைத்தார். சபை எழுந்து நின்று கைதட்டியது, வாண்டுவுக்குத் தட்டியதைவிடப் பலமாக.

அவன் மேடையிலிருந்து இறங்கி, வரிசைகளுக்கு நடுவே நடந்து, கூடத்தைவிட்டு வெளியே போனான். முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். இஸ்திரிக்காரம்மா தட்டவில்லை. எழுந்து அவன் பின்னாலேயே போனாள்.

அவன் சந்துப் பக்கம் திரும்பவில்லை. அவள் கடை வாசலில் போய் நின்றிருந்தான். அவள் கதவைத் திறந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பின்னாலேயே ட்ரம்பெட்டோடு வந்த வாண்டு இருவரையும் பார்த்துவிட்டு, கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் போனாள். இஸ்திரிக்காரம்மா பக்கத்திலேயே நின்று அவனுடைய சட்டை ஒன்றை எடுத்து மேசையில் விரித்தாள். பையில் பொசுங்கின ஓட்டைமேல் கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

"இங்க எல்லாத்தையும் பேர் சொல்லியே பேசலாம் தம்பி. யாரும் எழுத மாட்டாங்க."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "சிகரெட், ஆன்ட்டி," என்றான். அந்தச் சொல்லை அவன் ஒரு பெரியவர் முன்னால் சத்தமாகச் சொல்வது அதுதான் முதல் தடவை.

"ம். அப்புறம்?"

எதிரில் மாடியின் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் முதல் மன்றத்தில் காற்று வாத்திய வகுப்பு தொடங்கும் என்றும், தொடக்க விழாவில் செயலாளரின் மகன் தனியாக வாசிப்பான் என்றும் அறிவித்தார்கள். அது முடிகிறவரை பையன் சட்டைமேல் இருந்த அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்புறம் மாத்திரை," என்றான். "அது எங்க கிடைக்கும்னு சொன்னது மன்றத்துல இருக்கிறவங்க வீட்டுப் பசங்கதான். எல்லாரும் முன் வரிசை."

இஸ்திரிக்காரம்மா சட்டையை மடித்து வைத்துவிட்டு, கடைக் கதவைப் பாதி சாத்தினாள். உள்ளே எட்டிப்பார்த்து, இன்னொரு தட்டு எடுத்து வை என்று மகளிடம் சொன்னாள்.